மேம்பாலத்துக்குக் கீழே மிஞ்சும் இடம் யாருக்கு? கத்திப்பாரா முதல் கடையம் வரை ஒரு பார்வை

சாலையை அகலப்படுத்தியாச்சு, பாலமும் கட்டியாச்சு. ஆனால் பாலத்துக்குக் கீழேயும் சாலை ஓரத்திலும் மிஞ்சிய இடம் என்ன ஆகும்? பெரும்பாலும் குப்பை, ஓடாத வண்டிகள், கிழிந்த பேனர்கள் என்றுதான் கண்ணில் படும். அதே இடம் பெஞ்ச், நிழல், குழந்தைகள் விளையாடும் மூலை என்று மாறவும் முடியும். எப்படி?

கத்திப்பாராவில் என்ன செய்தார்கள்?

சென்னை கத்திப்பாரா மேம்பாலம் 2008-ல் திறக்கப்பட்டது. வளைந்து வளைந்து போகும் பாலங்களுக்கு நடுவே ஏக்கர் கணக்கில் இடம் சும்மா கிடந்தது. அங்கே சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் ரூ.14.5 கோடி செலவில் நகர்ப்புற சதுக்கம் ஒன்றை அமைத்தது. 2021 டிசம்பரில் முதல்வர் மு.க.ஸ்டாலின் அதைத் திறந்து வைத்தார்.

உணவுக் கடைகள், குழந்தைகள் விளையாடும் இடம், வாகன நிறுத்தம் என எல்லாம் இருக்கிறது. முக்கியமான விஷயம், பேருந்து நின்று செல்லும் வசதியும் ஆலந்தூர் மெட்ரோவும் பக்கத்திலேயே இருப்பது. பூங்காவைத் தேடி வருபவர்களை மட்டும் நம்பி அந்த இடம் இல்லை. பஸ் மாற வருபவர்களே அங்கு நடமாட்டத்தைக் கொண்டு வருகிறார்கள். நடமாட்டம் இருந்தால்தான் பயம் இருக்காது.

மக்களே கேட்டு வாங்கிய பூங்கா

மும்பை மாட்டுங்காவில் நடந்தது வேறு மாதிரி. அங்கே மேம்பாலத்துக்குக் கீழே இருந்த இடத்தில் தவறான நடவடிக்கைகள் பெருகுவதைப் பார்த்த குடியிருப்புவாசிகள், தாங்களே காவலுக்கு ஆள் வைத்தார்கள். பூங்கா வேண்டும் என்று மாநகராட்சியை விடாமல் கேட்டார்கள். 2016-ல் சுமார் 600 மீட்டர் நீளத்துக்கு நடைபாதையோடு பூங்கா வந்தது. நடைபாதைக்கு நர்மதை நதியின் வடிவம் கொடுக்கப்பட்டது.

சட்டம் இடம் கொடுக்குதா?

பொதுச் சாலை, நடைபாதை, சாலையோரம் ஆகிய இடங்களில் சிலை வைக்கவோ கட்டுமானம் எழுப்பவோ மாநில அரசுகள் அனுமதி தரக்கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் தெருவிளக்கு, போக்குவரத்துப் பணிகள், சாலையை அழகுபடுத்துவது, பொதுமக்களுக்கான வசதிகள் ஆகியவற்றுக்கு அந்த உத்தரவிலேயே விலக்கு உண்டு. அதாவது, சிலைக்கு வழி இல்லை, பெஞ்சுக்கு வழி இருக்கிறது.

ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள்?

இதுதான் சிக்கலான கேள்வி. 'காலி இடம்' என்று நாம் சொல்லும் இடத்தில் பெரும்பாலும் இளநீர் வண்டியோ, செருப்பு தைப்பவரோ, ஆட்டோ ஸ்டாண்டோ இருக்கும். அழகுபடுத்துகிறோம் என்று முதலில் அப்புறப்படுத்தப்படுவது அவர்கள்தான்.

நகரங்களில் சாலையோர வியாபாரிகளுக்கு 2014-ம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. கணக்கெடுப்பை முடிக்காமல் அவர்களை அகற்றக்கூடாது. இதைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களுக்கும் இடம் ஒதுக்கி வரைபடம் போட்டால், அந்த இடத்தைக் காலை முதல் இரவு வரை கவனிக்க ஆள் கிடைத்த மாதிரியும் ஆச்சு.

கடையத்துக்கு இதில் என்ன?

திருநெல்வேலி - தென்காசி நான்குவழிச் சாலைத் திட்டத்தில் பாவூர்சத்திரம் ரயில்வே மேம்பாலமும் அடக்கம். பாலம் வந்தால் அதன் அடியில் இடமும் வரும். தென்காசி - அம்பாசமுத்திரம் சாலையில் உள்ள கடையம் போன்ற ஊர்களில் மிஞ்சும் இடம் இன்னும் சின்னது. வளைவை நேராக்கியபோது ஒதுங்கிப்போன பழைய சாலைத் துண்டு, பஸ் ஸ்டாப் முக்கு, மரத்தடி என்று ஊருக்கு இரண்டாவது தேறும்.

வருவாய்க் கணக்கில் இதெல்லாம் பெரும்பாலும் 'சாலைப் புறம்போக்கு'. புறம்போக்கு என்றால் யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அது பொதுவுக்கான நிலம். ஊராட்சிச் சாலை என்றால் பொறுப்பு ஊராட்சிக்கு, மாநில நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறைக்கு. யாருடைய சாலை என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

குற்றால சீசனில் இந்தச் சாலைகளில் வண்டிகள் கூடும். அப்போது பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நிழலும் உட்கார இடமும் தேவை. அதற்குக் கோடிகள் வேண்டாம். மரம், பெஞ்ச், விளக்கு, பாதுகாப்பாகச் சாலையைக் கடக்க ஒரு வழி, இவ்வளவு போதும். கடக்க வழி இல்லாமல் பெஞ்ச் மட்டும் போட்டால் அது ஆபத்து.

யார் கேட்கணும்?

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே தீர்மானம் போட்டு, துறைக்கு அனுப்பச் சொல்லலாம். தீர்மானத்தில் மூன்று விஷயங்கள் இருக்கட்டும்: இடம் எந்தத் துறையுடையது, இப்போது அதைப் பயன்படுத்துபவர்களுக்கு என்ன ஏற்பாடு, நாளைக்கு யார் கூட்டிப் பெருக்குவது.

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் திறப்பு விழா நடந்தால், பெயின்ட் உதிரும், விளக்கு அணையும், குப்பை திரும்ப வரும். பதிலோடு தொடங்கினால், சாலை போட்டு மிஞ்சிய துண்டு நிலம் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பேசும் இடமாக மாறும்.