தறியடியில் கண்ணயர்ந்தவருக்கு மெமோ வேண்டாம், மருத்துவர் வேண்டும்

தூக்கத்தில் மூச்சுத் தடை, இரவு ஷிப்ட், மருத்துவப் பரிசோதனை: மங்கலம் வட்டாரத் தொழிலாளர் சங்கத்தின் நிலைப்பாடு

2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலை மசோதா நிறைவேறியது, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளியேறியது, மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தது எல்லாம் திருப்பூர் மாவட்டம் மங்கலத்தில் தறி ஓட்டுபவருக்கும் பனியன் கம்பெனி டெய்லருக்கும் மறுபடி சொல்லத் தேவையில்லாத கதை. மசோதா போய்விட்டது. ஒன்றரை ஷிப்ட் போகவில்லை. காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்து இரவு எட்டரைக்கு எழுவது இன்றும் வாடிக்கை. தறிக்குடோன்களில் ஒரு நாளை இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி கொடுப்பது அதைவிடப் பழைய வாடிக்கை.

இப்போது புதிய நிலைமை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. நாற்பது வயதைக் கடந்த தொழிலாளருக்கு ஆண்டுக்கொரு முறை இலவச மருத்துவப் பரிசோதனை உண்டு என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. இதைச் சங்கம் வரவேற்கிறது. அந்தப் பரிசோதனையில் தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறதா என்று பார்ப்பதும் சேர வேண்டும் என்பதில் சங்கத்துக்குள் கருத்து வேறுபாடு இல்லை. பரிசோதனை முடிவு யார் கைக்குப் போகும், அதை வைத்து என்ன செய்வார்கள் என்பதில்தான் நீண்ட விவாதம் நடந்தது. அந்த விவாதத்தின் முடிவே இந்த அறிக்கை.

நோயைப் பற்றி முதலில். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுக் குழல் அடைபடுகிறது. பத்து வினாடியோ அதற்கு மேலோ காற்று நிற்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை உடலை உலுக்கி எழுப்புகிறது. பெரிய குறட்டையோடு மூச்சு திரும்புகிறது. தூங்குபவருக்கு இது எதுவும் நினைவிருக்காது. மணிக்கு ஐந்து தடவைக்கு மேல் இப்படி நடந்தால் நோய். பதினைந்தைத் தாண்டினால் நடுத்தரம். முப்பதைத் தாண்டினால் கடுமை. பாவு அறுந்து அறுந்து ஓடும் தறி எட்டு மணி நேரம் ஓடினாலும் துணி சேராது. இந்தத் தூக்கமும் அப்படித்தான். காலையில் தலைவலி, வாய் வறட்சி, பகலெல்லாம் கண்ணைச் சொருகும் அசதி. கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, பக்கவாதம் வரை இழுத்துச் செல்லும்.

குண்டான பணக்காரர்களின் நோய் இது என்ற நினைப்பும் சரியல்ல. தாடை அமைப்பின் காரணமாக, ஆசியர்களுக்கு உடல் எடை குறைவாக இருந்தாலும் இது வருகிறது. வேலை செய்யும் வயதில் இருக்கும் இந்தியர்களில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் மதிப்பிட்டார்கள். சிகிச்சையும் உண்டு. முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் சி-பாப் கருவியை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இலேயே அறிமுகப்படுத்திவிட்டார்.

எடையைக் குறைப்பது, மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது, புகையை விடுவது ஆகியவற்றையும் சங்கம் உறுப்பினர்களுக்கு வலியுறுத்துகிறது. சனிக்கிழமை சம்பளத்தோடு டாஸ்மாக் போய் வந்து படுப்பவருக்குத் தொண்டைத் தசை மேலும் தளரும் என்பதையும் சொல்லிவைக்கிறது.

இனி, சங்கம் விட்டுக்கொடுக்க முடியாத இடம். வேலை நேரத்தில் தூங்குவது நம் ஆலைகளில் ஒழுங்கீனம். அதற்கு மெமோ, சம்பளப் பிடித்தம், கடைசியில் வெளியே. புனே பாரத் போர்ஜ் ஆலையில் 1983 ஆகஸ்ட் 26, பகல் 11.40 மணிக்கு ஒரு தொழிலாளி இரும்புத் தகட்டின் மேல் அயர்ந்து தூங்கிக் கிடந்தார். முன்பும் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர். வேலை போனது. வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 2005 ஜனவரியில் பணிநீக்கம் சரியென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருக்கு மூச்சுத் தடை நோய் இருந்தது என்று சங்கம் சொல்லவில்லை. அதைச் சொல்ல யாருக்கும் ஆதாரம் கிடையாது. திரும்பத் திரும்ப ஒருவர் வேலையிடத்தில் தூங்குகிறார் என்றால் அவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று எந்த நிலையாணையிலாவது எழுதியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. மெஷினில் கை போனால் ஆம்புலன்ஸ் வருகிறது, கண் சொருகினால் சூப்பர்வைசர் வருகிறார். இதை நாகரிகமான சொற்களில் எழுத வேண்டும் என்று செயற்குழுவில் சிலர் கேட்டுக்கொண்டார்கள். நாகரிகமாகச் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

அதே உச்ச நீதிமன்றம்தான் 2012-இல் ராம்லீலா மைதான வழக்கில், தூக்கம் மனிதனின் அடிப்படைத் தேவை, அரசமைப்பின் 21-ஆவது பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிபதி பி.எஸ். சௌகானின் தனித் தீர்ப்பில் சொன்னது. அது மைதானத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைப் போலீஸ் நள்ளிரவில் எழுப்பி விரட்டிய வழக்கு. வேலையிடத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது என்ற வழக்கறிஞர்களின் கருத்தைச் சங்கம் ஏற்கிறது. ஆனால் தூக்கத்தைச் சோம்பேறித்தனமாகப் பார்க்கும் பழக்கத்துக்கு எதிராக அந்தத் தீர்ப்பை எடுத்துவைக்கச் சங்கத்துக்குத் தயக்கமில்லை.

நோயையும் ஷிப்டையும் பிரித்துப் பேசுவது முதலாளிகளுக்கு வசதி. 2013 டிசம்பர் 1 அன்று நியூயார்க்கில் மணிக்கு 30 மைலில் எடுக்க வேண்டிய வளைவில் 82 மைல் வேகத்தில் வந்த ரயில் தடம் புரண்டு நான்கு பேர் இறந்தார்கள். ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டார். விசாரணையில் இரண்டு காரணங்கள் சேர்ந்தே வந்தன: யாரும் கண்டுபிடிக்காத மூச்சுத் தடை நோய், விபத்துக்கு இரண்டு வாரம் முன்புதான் அவருடைய ஷிப்ட் அதிகாலைக்கு மாறியிருந்தது. வாரத்துக்கு வாரம் பகலும் ராத்திரியுமாக மாறி மாறித் தறி ஓட்டுபவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஷிப்ட் வேலை இந்த நோயை உண்டாக்குகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது என்ற மருத்துவ ஆலோசனையைச் சங்கம் பதிவு செய்கிறது. ஏற்கெனவே அறுந்த தூக்கத்தில் மிச்சத்தையும் ஷிப்ட் பிடுங்குகிறது என்பதைப் பதிவு செய்ய யாருடைய ஆலோசனையும் தேவைப்படவில்லை. ராத்திரி ஓட்டிவிட்டுப் பகலில் வந்து படுப்பவரின் லைன் வீட்டுக்கு மேலே சிமெண்ட் அட்டை. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடோனின் தறிச் சத்தம்.

இன்னொரு சிக்கலையும் பரிசோதனை நடத்துபவர்கள் உணர வேண்டும். உலகெங்கும் பயன்படும் எட்டுக் கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. குறட்டை, பகல் அசதி, ரத்த அழுத்தம், எடை, வயது, கழுத்துச் சுற்றளவு, ஆணா பெண்ணா என்பவற்றோடு, தூக்கத்தில் உங்கள் மூச்சு நிற்பதை யாராவது பார்த்ததுண்டா என்றும் அதில் கேட்பார்கள். குடும்பத்தோடு இருப்பவருக்கு மனைவி சொல்வார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரு அறையில் ஆறேழு பேராகத் தங்கும் தொழிலாளிக்கு யார் சொல்வார்? இவர் படுக்கும்போது பக்கத்துப் பாய்க்காரர் ஷிப்டில் இருப்பார். இந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் நோய் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. பட்டியல் தமிழில் மட்டும் இருந்தாலும் போதாது. இந்தியும் ஒடியாவும் வேண்டும்.

கம்பெனி வேன், லாரி ஓட்டுநர்கள் விஷயத்தில் செயற்குழு ஒருமனதாக இல்லை. நோய் உறுதியானவரை உடனே வண்டியிலிருந்து இறக்க வேண்டும், விடிகாலையில் வேனில் வருவது நம் பெண்கள்தான் என்றது ஒரு தரப்பு. இறக்கினால் வேறு எவரும் பரிசோதனைக்கே வர மாட்டார்கள் என்றது மறு தரப்பு. அமெரிக்க லாரி ஓட்டுநர்களிடம் 2016-இல் வெளியான ஆய்வில், சிகிச்சையைப் பின்பற்றாத நோயாளிகளின் கடும் விபத்து விகிதம் மற்றவர்களைப் போல ஐந்து மடங்கு இருந்தது. பிரிட்டனில் நோய் கட்டுக்குள் வந்ததும் மீண்டும் வண்டி ஓட்டலாம். சிகிச்சை தொடங்கி அசதி கட்டுப்படும் வரை மாற்று வேலை, அதே சம்பளம் என்ற வரிக்கு இரு தரப்பும் இப்போதைக்கு உடன்பட்டிருக்கின்றன.



ஆகவே சங்கம் கோருவது:

ஒன்று. ஆண்டுப் பரிசோதனையில் தூக்கக் கேள்விப் பட்டியல், கழுத்தளவு, ரத்த அழுத்தம் மூன்றும் கட்டாயம். நாற்பது வயது வரம்பை இரவு ஷிப்ட் தொழிலாளருக்குப் பொருத்தக் கூடாது.

இரண்டு. முடிவு தொழிலாளியின் கையில் மட்டும். நிர்வாகத்துக்குப் போக வேண்டியது வேலைக்குத் தகுதி, மாற்று வேலை தேவை என்ற குறிப்பு மட்டுமே.

மூன்று. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்கும் தொழிலாளியிடம் 0.75 சதவீதமும் நிர்வாகத்திடம் 3.25 சதவீதமும் இ.எஸ்.ஐ. வசூலிக்கிறது. 2019 பிப்ரவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டிய திருப்பூர் நூறு படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் இரவு முழுக்கப் படுக்கவைத்துப் பார்க்கும் தூக்க ஆய்வு வசதி இருக்க வேண்டும். கோவைக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினால் ஒரு நாள் கூலி போகும் என்பதாலேயே பலர் போக மாட்டார்கள். சி-பாப் கருவி தாமதமின்றிக் கிடைக்க வேண்டும்.

நான்கு. பத்துப் பேருக்குக் குறைவான தறிக்குடோன்கள் இ.எஸ்.ஐ. வளையத்துக்கு வெளியே நிற்கின்றன. தொழிற்சாலை என்பதற்கான ஆள் வரம்பும் புதிய சட்டத்தில் பத்திலிருந்து இருபதாக ஏறிவிட்டது. இந்தக் குடோன்களின் தொழிலாளருக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியே இதே பரிசோதனை வேண்டும்.

ஐந்து. வேலை நேரத்தில் தூங்கியதாகக் குற்றச்சாட்டு வந்தால், விசாரணைக்கு முன் மருத்துவப் பரிசோதனை. ஷிப்ட் மாற்றத்துக்கு இடையே இயன்றவரை முழு நாள் ஓய்வு. “இயன்றவரை” என்ற சொல் சிறு குடோன் உரிமையாளர்களுடன் நடக்கவிருக்கும் பேச்சுவார்த்தையை மனதில் வைத்துச் சேர்க்கப்பட்டது. பெரிய ஏற்றுமதி நிறுவனங்களுக்கு அது பொருந்தாது.

இந்தக் கோரிக்கைகளைத் திருப்பூர் மாவட்ட நிர்வாகத்திடமும் தொழிலாளர் துறையிடமும் இ.எஸ்.ஐ. நிறுவனத்திடமும் சங்கம் மனுவாகத் தருகிறது. உரிமையாளர்களோடு பேசவும் தயாராக இருக்கிறது. அதற்கிடையில் தூங்கியதாக மெமோ வாங்கும் உறுப்பினர் எவரும் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்காமல் முதலில் சங்க அலுவலகத்துக்கு வர வேண்டும். பதிலைச் சங்கம் எழுதும். மருத்துவரிடம் அழைத்துப் போவதும் வழக்கு நடத்துவதும் சங்கத்தின் செலவு.