வாடகையை உயர்த்தும் வேளை

வாடகைக்கு வீடு விட்டிருப்போரெல்லாம் செல்வர் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கின்றது. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் நடந்து பார்ப்போர்க்கு நிலைமை வேறாகத் தோன்றும். பிள்ளைகள் கனடாவுக்கும் இலண்டனுக்கும் போய்விட, முன்வீட்டை வாடகைக்குக் கொடுத்துப் பின்னறையிற் சீவிக்கும் முதிய தாயாரும் வீட்டுக்காரிதான். முன்வீட்டில் இருப்பவரோ பெரும்பாலும் மாற்றலாகி வந்த ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ இருப்பார். அம்மையார்க்கு வாடகையும் அவர்க்குச் சம்பளமுமே மாத வருவாய். அளந்து வாழும் இரண்டு குடும்பங்களுக்கிடையே எழும் பேச்சாதலின், வாடகைப் பேச்சை எவரும் எளிதில் எடுப்பதில்லை.

எடாதிருப்பதைத் தாட்சணியம் என்கின்றோம். அத்தாட்சணியத்தின் விலையைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். மாதம் 20,000 ரூபாவுக்கு விட்ட வீட்டின் வாடகையை ஆண்டுக்கு 5 வீதம் உயர்த்தி வந்தால், ஆறாம் ஆண்டில் அது 25,500 ரூபாவைச் சற்றுத் தாண்டும். ஐந்தாண்டும் வாளாவிருந்துவிட்டு, ஆறாம் ஆண்டில் திடீரென 26,000 கேட்கும் வீட்டுக்காரர், இடையில் ஏறத்தாழ 126,000 ரூபாவை இழந்திருப்பார். அத்தொகை குடியிருப்பவர் கையிற் சேர்ந்திருக்குமோ எனின், சேர்ந்திராது. வாடகை ஏறாதென்ற நம்பிக்கையில் அவர் மோட்டார்ச் சைக்கிளுக்குத் தவணை கட்டத் தொடங்கியிருப்பார். பிள்ளையை இன்னுமொரு தனியார் வகுப்புக்கு அனுப்பியிருப்பார். ஒரே மாதத்தில் 6,000 ரூபாவை அவர் எங்கிருந்து பெறுவது? ஆண்டுதோறும் ஆயிரம் ரூபா கேட்டிருந்தால் இருவரும் முகம் கோணாது பேசியிருக்கலாம். கூட்டும் மாதத்தையும் வீதத்தையும் முதல் நாளிலேயே உடன்படிக்கையில் எழுதிக்கொள்வது அதனினும் நன்று.

கேட்கும் காலமும் கருதற்பாலது. நம்மவர் ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறமாட்டார். மார்கழி பிறந்தபின் வாடகை உயர்வைச் சொல்லித் தை முதலே தரவேண்டுமென்பது, வெளியேற வழியில்லாதவரிடம் கேட்பதாகும். வீட்டிற் பொதுத்தராதரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருப்பின் பரீட்சை முடியும்வரை பொறுப்பது நலம். திருநெல்வேலிப் பக்கத்தில் பல்கலைக்கழக மாணவர்க்கு அறை விடுவோரும் கல்வியாண்டின் நடுவிற் கூட்டாதிருத்தல் வேண்டும். அம்மாணவர் பலரது வீட்டில் அடுத்த மாதத்துப் பணமே இன்னும் தேடப்படாதிருக்கும். மூன்று மாதங்களுக்கு முன்னரே, வாய்ச்சொல்லாக அன்றிக் கடிதமாகக் கொடுத்துவிட்டால், குடியிருப்பவர் வேறு வீடு பார்க்கவேனும் செலவைச் சுருக்கவேனும் அவகாசம் கிடைக்கும்.

எவ்வளவு கூட்டலாம் என்பதிலேதான் பிணக்கு மிகுதி. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 2022 செத்தெம்பரில் 69.8 வீதமாயிற்று. வாடகையும் அவ்வாறே ஏறவேண்டுமென்று அன்று சில வீட்டுக்காரர் வாதித்தனர். எந்த ஆசிரியரின் சம்பளம் அவ்வாண்டில் 70 வீதம் ஏறிற்று? 2023 யூலையில் அது 6.3 வீதமாயிற்று. பணவீக்கம் இறங்கிவிட்டதே, இனி ஏன் கூட்டுகிறீர்களெனக் குடியிருப்போர் கேட்டனர். இதுவும் பிழையான கணக்கே. விலை ஏறும் வேகம் தணிந்ததேயன்றி, ஏறிய விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஓடு மாற்றவும் நீரிறைக்கும் மோட்டாரைத் திருத்தவும் வீட்டுக்காரர் புதிய விலையே கொடுத்தார். ஆகையால் சுட்டெண்ணைக் காட்டி வழக்காடுவதிலும், ஆண்டுத் திருத்தச் செலவையும் சோலைவரியையும் ஒரு தாளில் எழுதி இருவரும் பார்ப்பது பயன்தரும்.

அயல்வீட்டு வாடகையை அளவுகோலாகக் கொள்வோர், அஃது எத்தகைய வாடகையென்று விசாரித்தல் வேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களுக்கும் வெளிநாட்டிலிருந்து வந்து தங்குவோர் கொடுக்கும் தொகையை ஆண்டு முழுவதும் இருக்கும் குடும்பத்திடம் எதிர்பார்த்தல் பொருந்தாது. அன்றியும், 20,000 கொடுத்தவர் 23,000 கேட்டதும் எழுந்து போய்விட, வீடு இரண்டு மாதம் பூட்டிக்கிடந்ததென வைத்துக்கொள்வோம். புதியவர் பத்து மாதத்தில் தருவது 230,000. பழையவர் பன்னிரண்டு மாதத்தில் தந்திருக்கக்கூடியது 240,000. வெள்ளையடித்த கூலியை இதிற் சேர்க்கவில்லை!

வாடகையைக் கட்டிப்போட்டால் என்ன ஆகுமென்பதையும் இந்நாடு கண்டிருக்கின்றது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்போரைக் காத்தது மெய்யே. ஆயின் வாடகை பழைய அளவிலே நின்ற வீடுகளைப் பழுதுபார்க்க உரிமையாளர் மனங்கொள்ளவில்லை. சிலர் வீட்டைப் பூட்டி வைத்தாலும் வாடகைக்கு விட அஞ்சினர். பின்வந்த திருத்தங்கள் பல இடங்களை அச்சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கின. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றுள் ஒன்று. நெடுங்காலமாக ஒருவரே குடியிருக்கும் பழைய வீடாயின், தொகையைச் சொல்லுமுன் சட்டத்தரணி ஒருவரைக் கேட்டறிதல் வேண்டும்.

கிணற்றை இறைத்துத் துப்புரவு செய்து, உடைந்த குழாயைத் தம் செலவில் மாற்றி, மாமரத்துக்குத் தண்ணீரும் விட்டு வரும் குடியிருப்பாளர் சிலர் உளர். அத்தகையோர்க்கு அச்செலவைக் கழித்தே புதிய வாடகையைக் குறிக்க வேண்டும். ஒரே தடவையிற் கொடுக்க இயலாதென்பார்க்கு உயர்வின் பாதியைத் தையிலும் மீதியை ஆவணியிலுமாக வாங்கலாம். வாங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தால், பின்னர் எவரும் நினைவை நம்பிச் சண்டையிட நேராது.