பணம் கட் ஆச்சு, போய்ச் சேரல: பாதியில் நின்ன பேமென்ட்டை யார் சரிசெய்வது?

யுபிஐ-யில் 500 ரூபாய் அனுப்பியாச்சு. கணக்கில் பணம் குறைந்துவிட்டது. எதிர்முனையில் வரவு இல்லை. நெட்வொர்க் மேல் பழியைப் போடுவது சுலபம். ஆனால் நெட்வொர்க் போவது சகஜம். போன பிறகு சாஃப்ட்வேர் என்ன செய்கிறது என்பதுதான் விஷயம்.

ஒரே வங்கிக்குள் என்றால்?

சிக்கல் குறைவு. ஒருவர் கணக்கில் கழிப்பதும் இன்னொருவர் கணக்கில் சேர்ப்பதும் ஒரே வேலையாகக் கட்டப்பட்டிருக்கும். நடந்தால் இரண்டும் நடக்கணும். இல்லையென்றால் எதுவுமே நடக்கக் கூடாது. நடுவில் கோளாறு வந்தால் டேட்டாபேஸ் பழைய நிலைக்கே திரும்பிவிடும். இதுதான் 'ரோல்பேக்'.

புரோகிராமிலும் இதே யோசனைதான். ஜாவா, பைத்தான் மொழிகளில் 'ட்ரை' பகுதியில் வேலை நடக்கும். அது முடிந்தாலும் சொதப்பினாலும் 'ஃபைனலி' பகுதி ஓடும். திறந்த ஃபைலை மூடுவது, போட்ட பூட்டை எடுப்பது எல்லாம் அதன் பொறுப்பு.

அப்புறம் எங்கே இடிக்குது?

'ஃபைனலி' ஓட, புரோகிராம் உயிரோடு இருக்கணும். சர்வருக்கு கரன்ட் போனால் அதுவும் ஓடாது. அதனால்தான் டேட்டாபேஸ்கள் செய்யப்போவதை முதலில் டிஸ்க்கில் குறித்துவைக்கின்றன. மறுபடி எழுந்ததும் அந்தக் குறிப்பைப் படித்து, பாதி வேலையை ரத்துசெய்கின்றன.

யுபிஐ-யில் இரண்டு வங்கிகள், நடுவில் என்பிசிஐ. பதில் வரவில்லை என்றால் பணம் சேரவில்லையா, அல்லது சேர்ந்து பதில் மட்டும் தொலைந்ததா? அனுப்பிய வங்கிக்கு உடனே தெரியாது. அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்தால், இரண்டு பக்கமும் பணம் இருக்கும். அதனால்தான் 'பெண்டிங்'.

விதி என்ன சொல்லுது?

இந்தக் காத்திருப்புக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கையில் கெடு வைத்தது.

• தனிநபருக்கு அனுப்பியது: மறுநாளுக்குள் திரும்பணும்.
• கடைக்குச் செலுத்தியது: 5 நாளுக்குள்.
• ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தது: 5 நாளுக்குள்.

தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதை வாடிக்கையாளர் புகார் தராமலே வரவுவைக்கணும். வங்கியிடம் புகார் செய்தும் 30 நாளில் தீர்வு இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

ஒன்று மட்டும் கவனம்: 'பெண்டிங்' காட்டும்போது மறுபடி அனுப்பினால் அது புதிய பரிவர்த்தனை. முந்தையதும் போய்ச் சேர்ந்துவிட்டால், அதைக் கோளாறு என்று வங்கி திருப்பித் தராது. வாங்கியவரிடம்தான் கேட்கணும்.