பணக்கார வீட்டின் கதவைத் திறந்து காட்டியவர்

பணக்காரர் வீட்டுக்குள்ளே என்ன நடக்கிறது?

இதைத் தெரிந்து கொள்ள ஆசைப்படாதவர் யார்? உயரமான மதில், பெரிய கதவு, வாசலில் காவல்காரன். வெளியே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. "உள்ளே இருப்பவர்களுக்கு என்ன குறை!" என்று பெருமூச்சு விடுவார், போய் விடுவார்.

அமெரிக்காவில் ஒரு பெண் அந்தக் கதவை உள்ளே இருந்து திறந்து காட்டினார். அவர் அந்த வீட்டு வேலைக்காரி அல்ல. துப்பறிய வந்த நிருபரும் அல்ல. அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த செல்வமகள்.

அவர் பெயர் எடித் வார்ட்டன்.

பணக்காரர்களைத் திட்டி எழுதியவர்கள் உண்டு. புகழ்ந்து எழுதியவர்களும் உண்டு. எடித் தாம் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார். ஒரு கேள்வி அவர் மனத்தைக் குடைந்து கொண்டே இருந்தது. பெண்ணை ஓர் அலங்காரப் பொம்மையாக வளர்த்தால் அவள் கதி என்ன ஆகும்?

இந்தக் கேள்வி பணக்காரர்களுக்கு மட்டும் உரியது அல்ல. அதனால்தான் எடித்தின் கதையை இங்கே சொல்கிறோம்.

400 பேர் உலகம்

எடித் 1862-ம் ஆண்டு ஜனவரி 24-ந்தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். தகப்பனார் ஜார்ஜ் பிரெடரிக் ஜோன்ஸ். தாயார் லுக்ரீஷியா. பரம்பரைச் சொத்து ஏராளம். தகப்பனார் உத்தியோகத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

"ஜோன்ஸ் வீட்டாருக்குச் சமமாக வாழ்வது" என்று ஆங்கிலத்தில் ஒரு பேச்சு வழக்கு உண்டு. அடுத்த வீட்டுக்காரர் எதை வாங்கினாலும் நாமும் வாங்கத் துடிக்கிறோம் அல்லவா? அதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். எடித்தின் குடும்பத்தை வைத்தே அந்த வழக்குப் பிறந்தது என்று கூறுவோரும் உண்டு.

அந்தக் கால நியூயார்க் சீமான்களின் உலகம் மிகச் சிறியது. அதற்கு ராணி போல் விளங்கியவர் திருமதி ஆஸ்டர் என்ற சீமாட்டி. "நியூயார்க்கில் மதிக்கத் தகுந்தவர்கள் சுமார் 400 பேர்தான்" என்று அவருடைய ஆலோசகர் வார்ட் மெக்காலிஸ்டர் கணக்குப் போட்டார். அந்தப் பட்டியல் 1892-ல் பத்திரிகையிலும் வெளிவந்தது!

கையில் பணம் இருந்தால் மட்டும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து விட முடியாது. பணம் பழைய பணமாக இருக்க வேண்டும். இசை நாடகக் கொட்டகையில் புதுப் பணக்காரர்களுக்கு மேல்மாடத்தில் இடம் கிடைக்கவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்களுக்கென்று தனியாக ஒரு கொட்டகையையே கட்டிக் கொண்டார்கள்! 1883-ல் திறக்கப்பட்ட "மெட்ரோபாலிடன் ஆப்பரா"தான் அது.

எழுதக் காகிதம் இல்லை!

இப்படிப்பட்ட வீட்டில் எடித் சிறுமியாக வளர்ந்தாள். பட்டு உடைக்குப் பஞ்சம் இல்லை. பொம்மைகளுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் எழுதுவதற்குக் காகிதம் மட்டும் கிடைக்கவில்லை!

"பெண் குழந்தைக்குக் காகிதம் எதற்கு?" என்பது வீட்டார் எண்ணம். கடையில் இருந்து சாமான்கள் பொட்டலமாக வரும். அவற்றைச் சுற்றி வரும் பழுப்புக் காகிதத்தைக் கேட்டு வாங்குவாள். தரையில் விரித்துப் போட்டு அதிலே கதை எழுதுவாள்.

11 வயதில் ஒரு கதை எழுதித் தாயாரிடம் காட்டினாள். திடீரென்று விருந்தாளி வருகிறார். "நீங்கள் வருவது தெரிந்திருந்தால் வீட்டை ஒழுங்கு செய்து வைத்திருப்பேனே" என்கிறாள் வீட்டுக்காரி. கதையின் தொடக்கம் இது. தாயார் அதைப் படித்தார். கதை நன்றாக இருக்கிறதா, இல்லையா என்று சொல்லவில்லை. பெரிய வீட்டில் வரவேற்பு அறை எப்போதும் ஒழுங்காகத்தான் இருக்கும் என்று திருத்தம் சொல்லிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து விட்டார்!

எடித் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. வீட்டோடு ஓர் ஆசிரியை இருந்தார். தகப்பனாரின் புத்தக அறைதான் அவளுக்குப் பள்ளிக்கூடம். அங்கேயும் ஒரு தடை. கலியாணம் ஆகும் வரை நாவல் படிக்கக் கூடாது என்பது தாயாரின் உத்தரவு.

1882-ல் எடித்துக்கு நிச்சயமான கலியாணம் நின்று போனது. பெண்ணுக்கு அறிவு கொஞ்சம் அதிகமாகி விட்டதுதான் காரணம் என்று ஒரு பத்திரிகை எழுதியது. அறிவு கூட ஒரு குற்றமாம்!

1885-ல் எட்வர்டு வார்ட்டன் என்பவரை மணந்தார். அவரும் வசதியான வீட்டுப் பிள்ளை. ஆனால் இருவர் மனமும் ஒன்றுபடவில்லை. கணவருக்கு மனநோயும் வந்தது. கடைசியில் 1913-ல் விவாகரத்து நடந்தது.

லில்லி என்ற பொம்மை

1905-ல் எடித்தின் "தி ஹவுஸ் ஆப் மிர்த்" என்ற நாவல் வெளிவந்தது. "களியாட்ட வீடு" என்று அதைச் சொல்லலாம். பத்திரிகையில் தொடர்கதையாக வந்து, பிறகு புத்தகமாயிற்று. சில மாதங்களில் ஒரு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

கதாநாயகி லில்லி பார்ட். வயது 29. பேரழகி. "உன் அழகுதான் உன் சொத்து. பெரிய இடத்து மாப்பிள்ளையைப் பிடி" என்று சொல்லிச் சொல்லியே தாயார் வளர்த்திருந்தாள். தகப்பனார் தொழிலில் நொடித்துப் போய் இறந்தார். தாயாரும் இறந்தாள். லில்லி அத்தை வீட்டில் ஒண்டினாள்.

பணக்காரத் தோழிகளின் பங்களாக்களில் விருந்து. அவர்களுக்குச் சமமாக உடை உடுத்த வேண்டும், சீட்டாட வேண்டும். பணத்துக்கு எங்கே போவாள்? ஒரு தோழியின் கணவன், "உன் பணத்தைப் பங்கு மார்க்கெட்டில் போட்டு லாபம் எடுத்துத் தருகிறேன்" என்றான். லில்லி நம்பினாள். அவன் கொடுத்தது லாபம் அல்ல, அவனுடைய சொந்தப் பணம் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கு அவன் எதிர்பார்த்த கைம்மாறு என்ன என்பதும் தெரிந்தது. லில்லி அவனிடம் இருந்து தப்பி வந்தாள். 9 ஆயிரம் டாலர் கடன் மட்டும் தலைமேல் நின்றது.

இன்னொரு சீமாட்டி தன் தவறை மறைப்பதற்காக லில்லியின் மீது அபாண்டப் பழி சுமத்தினாள். உண்மை பலருக்குத் தெரியும். ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நேற்று வரை திறந்திருந்த கதவுகள் எல்லாம் படார் படார் என்று சாத்தப்பட்டன.

கடைசியில் லில்லி பெண்கள் தொப்பி செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அழகான தொப்பிகளை ஆயுள் முழுவதும் அணிந்தவள். ஒரு தொப்பியைத் தைக்க அவளுக்குத் தெரியவில்லை! ஊசி கோணலாக ஓடியது. மேற்பார்வைக்காரி கடிந்து கொண்டாள். அந்த வேலையும் போயிற்று.

பழி சுமத்தியவளை அழித்து விடக் கூடிய கடிதங்கள் லில்லியின் கையில் இருந்தன. அவள் அவற்றை நெருப்பில் போட்டாள். அத்தை உயிலில் எழுதி வைத்த சிறு தொகை வந்ததும், முதல் வேலையாகக் கடனைத் தீர்க்கச் செக் எழுதி வைத்தாள். அன்று இரவு தூக்க மருந்து அளவுக்கு மிஞ்சி விட்டது. காலையில் அவள் எழுந்திருக்கவில்லை.

லில்லி நல்லவள். நாணயமானவள். ஆனால் அவளுக்கு ஒரு தொழில் தெரியாது. அந்த உலகம் அவளுக்குச் சிரிக்கக் கற்றுக் கொடுத்தது. பிழைக்கக் கற்றுக் கொடுக்கவில்லை.

விருந்து வைத்துத் துரத்தினார்கள்

1920-ல் வந்த "தி ஏஜ் ஆப் இன்னசன்ஸ்" இன்னொரு புகழ் பெற்ற நாவல். "கள்ளமில்லாத காலம்" என்பது பொருள். பெயரிலேயே கேலி இருக்கிறது.

எல்லன் என்ற பெண் ஐரோப்பாவில் ஒரு பிரபுவை மணந்தவள். கணவனின் கொடுமை தாங்காமல் நியூயார்க்குக்குத் திரும்பி வருகிறாள். விவாகரத்துக் கேட்கிறாள். "குடும்ப கவுரவம் என்ன ஆவது?" என்று உறவினர் தடுக்கிறார்கள். அவள் உறவுப் பெண்ணுக்கு நிச்சயமான வக்கீல் ஆர்ச்சர், எல்லன் மீது மனத்தைப் பறிகொடுக்கிறான். அந்தப் பெண்ணைத்தான் மணக்கிறான். ஆனால் எல்லனை மறக்க முடியவில்லை.

ஊர் என்ன செய்தது? யாரும் சத்தம் போடவில்லை. சண்டை பிடிக்கவில்லை. எல்லனுக்கு ஆடம்பரமாக ஒரு விருந்து வைத்தார்கள். அன்பாகப் பேசினார்கள். "போய் வா" என்று ஐரோப்பாவுக்கே அனுப்பி விட்டார்கள். அது விருந்து அல்ல, தண்டனை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ரத்தம் சிந்தாமல் ஒருவரைக் கொல்லும் வித்தை அந்தப் பெரிய மனிதர்களுக்குக் கை வந்த கலை.

இந்த நாவலுக்கு 1921-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. நாவலுக்காக அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் எடித் வார்ட்டன்தான்.

தையல் கூடம்

எடித்திடமும் குறைகள் உண்டு. ஏழைகளைப் பற்றியும் அவர் எழுதினார் என்றாலும், கடைசி வரை வேலைக்காரர்கள் சூழ வசதியாகவே வாழ்ந்தார். "களியாட்ட வீடு" நாவலில் வரும் ஒரு யூத வியாபாரியை அவர் வர்ணிக்கும் விதத்தில், அவர் பிறந்த வர்க்கத்தின் துவேஷம் தெரிகிறது. கதவைத் திறந்தவர் மேலும் அந்த வீட்டின் தூசி கொஞ்சம் ஒட்டித்தான் இருந்தது.

ஆனால் லில்லிக்கு இல்லாத ஒன்று எடித்துக்கு இருந்தது. அது தொழில். தினமும் காலையில் படுக்கையில் அமர்ந்தபடியே எழுதுவார். எழுதிய தாள்களைத் தரையில் போடுவார். காரியதரிசி பொறுக்கி எடுத்து டைப் அடிப்பார். கணவரோடு மனக்கசப்பு வந்தபோதும், ஊரை விட்டுப் பாரிசில் குடியேறியபோதும் பேனாவை அவர் கீழே வைக்கவில்லை. சொத்து அவரைப் பட்டினியில் இருந்து காத்தது. எழுத்துத்தான் அவரைப் பொம்மையாகி விடாமல் காத்தது.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. பாரிசில் துணிக்கடைகளும் தையல் கடைகளும் மூடப்பட்டன. தையல்காரப் பெண்கள் வேலை இழந்து தெருவில் நின்றார்கள். எடித் அவர்களுக்கு ஒரு தையல் கூடம் திறந்தார். கூலியும் கொடுத்தார், மதியச் சாப்பாடும் போட்டார். அகதிகளுக்கு விடுதிகள் நடத்தினார். 1916-ல் பிரெஞ்சு அரசாங்கம் "லெஜியன் ஆப் ஆனர்" விருது கொடுத்து அவரைக் கவுரவித்தது.

ஊசி பிடிக்கத் தெரியாத லில்லியைக் கதையில் சாகவிட்டவர், ஊசி பிடிக்கத் தெரிந்த பெண்களை நிஜத்தில் வாழ வைத்தார்!

எடித் வார்ட்டன் 1937-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந்தேதி பிரான்சில் காலமானார். வெர்சேல்ஸ் நகரில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் எழுதிய அந்த 400 பேர் உலகம் இன்று இல்லை. அவருடைய நாவல்களை இன்றும் படிக்கிறார்கள், சினிமாவாகவும் எடுத்திருக்கிறார்கள்.

பெற்றோர்களே! பெண்ணுக்கு நகை போடுங்கள். நல்ல துணி வாங்கிக் கொடுங்கள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கூடவே அவளைப் படிக்க வையுங்கள். ஒரு தொழிலையும் கற்றுக் கொடுங்கள். நகை ஒரு நாள் அடகுக் கடைக்குப் போய்விடலாம். கற்ற தொழிலை எந்தக் கடையிலும் அடகு வைக்க முடியாது.

உங்கள் வீட்டுப் பெண் பொட்டலக் காகிதத்தில் ஏதாவது கிறுக்கிக் கொண்டிருக்கிறாளா? அதைப் பிடுங்காதீர்கள். அவளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.