ஊறுகாய்க்குப் பதில் ஒரு ஸ்பூன் முத்து

நட்சத்திர ஹோட்டல்களில் பழச்சாற்றை மீன் முட்டை மாதிரி குட்டிக் குட்டி முத்துகளாக்கி, தட்டின் ஓரத்தில் ஏழெட்டை வைத்து, அதற்குத் தனியாக ஒரு விலையும் போட்டுவிடுகிறார்கள். மாலிக்யூலர் காஸ்ட்ரானமியாம். பணக்காரர் விளையாட்டு என்று நம் வயதுக்காரர்கள் ஒதுக்கிவிடுகிறோம். என்னைக் கேட்டால், ரத்தக்கொதிப்புக்குப் பயந்து ஊறுகாய் ஜாடியைப் பரணில் ஏற்றிவிட்ட நமக்குத்தான் இந்த வித்தை அதிகம் பயன்படும்.

ஊறுகாயில் அவ்வளவு உப்பு எதற்கு? ருசிக்கு மட்டுமா? வருஷம் முழுக்கக் கெடாமல் இருக்கத்தானே! ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பை நிறுத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. நமக்கோ வயதாக ஆக நாக்கும் மூக்கும் மந்தமாகிவிடுகின்றன. சுருக்கென்று ஏதாவது இல்லாமல் தயிர்சாதம் உள்ளே இறங்குவதில்லை. இரண்டு நாளில் தின்று தீர்க்கும் பண்டத்துக்கு அந்தக் காவல்கார உப்பு தேவையில்லை. புளிப்பும் இஞ்சிக் காரமும் இருந்தால் போதும்.

செய்முறை ரொம்ப சுலபம். உயரமான டம்ளரில் ரீஃபைண்டு எண்ணெயை ஊற்றி அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். (தேங்காய் எண்ணெய் வேண்டாம், உறைந்து கல்லாகிவிடும்.) கெட்டியான புளிக்கரைசலைத் தனியாகக் கொதிக்கவைத்துச் சூடாகவே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பாத்திரத்தில் இஞ்சிச் சாறு கலந்த தண்ணீரில் அகர் அகர் பொடியைப் போட்டு இரண்டு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகு புளியைச் சேருங்கள். எல்லாமாக 100 மில்லிக்கு 2 கிராம் பொடி கணக்கு. புளியோடு சேர்த்து நெடுநேரம் கொதித்தால் அகரின் பிடிப்பு போய்விடும், அதனால்தான் இந்த இரண்டு பாத்திரம். சற்று ஆறியதும் ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, சில்லென்ற எண்ணெயில் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். தண்ணீர்ப் பொருள் எண்ணெயோடு ஒட்டாமல் உருண்டு திரண்டு, கீழே போய்ச் சேருவதற்குள் முத்தாக இறுகிவிடும். வடிகட்டி, தண்ணீரில் அலசினால் முடிந்தது. எண்ணெயைத் தாளிக்க வைத்துக்கொள்ளலாம். முத்துக்குள் ருசி கொஞ்சம் அடங்கித்தான் தெரியும். ஆகவே கரைசல் வாயில் வைத்தால் முகம் சுளிக்கும் அளவுக்குத் தூக்கலாக இருக்கட்டும்.

உள்ளே சாறு தளும்பி, கடித்தால் உடையும் முத்து வேறு ரகம். ஸ்பெயின் நாட்டு எல்புல்லி உணவகத்தில் ஃபெரான் அட்ரியா 2003இல் பிரபலமாக்கியது. அதற்கு சோடியம் ஆல்ஜினேட், கால்சியம் உப்பு என்று ஒரு பெட்டியே வாங்க வேண்டும். நமக்கு எதற்கு அந்த வம்பு? அகர் முத்து சுமார் 85 டிகிரி வரை உருகாது. சூடான பொங்கல் மேல் தூவினாலும் நிற்கும். ஜெலட்டின் போல மாட்டு எலும்போ தோலோ இதில் இல்லை.

அகர் அந்நியப் பொருளும் இல்லை. ரமலான் நோன்பு திறக்கும்போது பக்கத்து வீட்டு பாய் கொடுத்தனுப்பும் கடற்பாசி இதேதான். ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்துப் பெண்கள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலில் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப் பாசியிலிருந்தும் வருவது. ஹோட்டல் பில்லைப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் கைக்கு எவ்வளவு போகும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு மட்டும் இந்த முத்து வேண்டாம், தொண்டையில் சிக்கும். அவர்களுக்கு அதே புளி இஞ்சிக் கரைசலைத் தயிர்சாதத்தில் ஒரு ஸ்பூன் கலந்து கொடுத்துவிடலாம். மாவடுவின் மணம் இதில் வருமா என்று என் மனைவி கேட்கிறாள். வராது. மாவடுவுக்கு ஈடு மாவடுதான். மாதம் ஒன்று என்று அதற்கும் எங்கள் வீட்டில் ஒப்பந்தம் இருக்கிறது.