நீக்கிய கோப்பு எங்கே போகிறது?

2015ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட ஒரு பழைய கைப்பேசிச் செயலி. உருவாக்கிய நிறுவனமே அதைப் பயனற்றது என்று ஒதுக்கிவிட்டது. ஆனாலும் கூகல் பிளே தளத்தில் அது தொடர்ந்து கிடைத்தது. அமேசான் மேகச் சேவையில் இருந்த வாடிக்கையாளர் தரவுகளைத் திறக்கும் சாவி அந்தச் செயலிக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. 2020ல் தரவு திருடுபோனது. பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர் பதிவுகள் ஏறத்தாழ 5.9 மில்லியன். ஹோட்டல் முன்பதிவுத் தளமான ‘ரெட்டோர்ஸ்’ நிறுவனத்துக்கு சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2021ல் 74,000 வெள்ளி அபராதம் விதித்தது.

கணினியியல் படிக்கும் எனக்கு அபராதத் தொகையைவிட ‘ஒதுக்கிவிட்டது’ என்பதுதான் உறுத்தியது. கண்ணில் படாவிட்டால் இல்லாமல் போய்விட்டது என்று நினைக்கும் இதே பழக்கம் மாணவர்களாகிய நம்மிடமும் இருக்கிறது. நாம் அன்றாடம் புழங்கும் ‘கிட்’டில் அதை நன்றாகவே பார்க்கலாம்.

தெரியாதவர்களுக்கு: லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் உருவாக்கிய மென்பொருள் கிட். நான்கு பேர் சேர்ந்து ஒரு திட்டப்பணி செய்யும்போது, யார் எதை எப்போது மாற்றினார்கள் என்பதை அது ‘கமிட்’ கமிட்டாகச் சேமித்து வைக்கும். வேண்டும்போது பழைய நிலைக்குத் திரும்பலாம். எதையும் மறக்காமல் இருப்பதுதான் அதன் வேலையே.

இனி, வழக்கமாக நடப்பது. சாவியோ கடவுச்சொல்லோ உள்ள ஒரு கோப்பு தவறுதலாகக் களஞ்சியத்துக்குள் போய்விடுகிறது. குழுவில் ஒருவர் கவனிக்கிறார். உடனே அதன் பெயரை ‘கிட்இக்னோர்’ பட்டியலில் சேர்க்கிறார். ஒன்றும் நடப்பதில்லை. ஏனென்றால் அந்தப் பட்டியல், கிட் இன்னும் கண்காணிக்கத் தொடங்காத கோப்புகளுக்கு மட்டுமே. அடுத்து இணையத்தில் தேடி ‘கிட் ஆர்எம்’ கட்டளையை ‘கேஷ்டு’ என்ற தெரிவோடு அடிக்கிறார். கோப்பு அவருடைய கணினியில் அப்படியே இருக்கும். கிட்டின் கண்காணிப்பிலிருந்து மட்டும் விலகும். (அந்த மாற்றத்தை இறக்கிக்கொள்ளும் மற்ற மூவரின் கணினியிலிருந்து கோப்பே மறைந்துவிடும். நள்ளிரவில் “என் ஃபைல் எங்கே?” என்று வாட்ஸ்அப் குழுவில் கேள்வி வருவது இதனால்தான்.) கிட்ஹப் பக்கத்தைத் திறந்தால் கோப்பு இல்லை. எல்லாரும் நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள்.

ஆனால் அது நீங்கியது அந்தக் கமிட்டிலிருந்துதான். கோப்பு நுழைந்த கமிட் முதல் அதற்கு முந்தைய கமிட் வரை ஒவ்வொன்றிலும் அது முழுதாக இருக்கிறது.

எங்கள் தெம்பனிஸ் வட்டாரத்தில் சிறு பிள்ளைகளுக்கு இலவசத் துணைப்பாடம் நடத்தும் ஒரு தொண்டூழியக் குழு உண்டு. அதற்காக என் நண்பர்கள் சிலர் வருகைப்பதிவுச் செயலி ஒன்றை உருவாக்கினார்கள். நல்ல எண்ணம், நல்ல செயலியும்கூட. சோதித்துப் பார்க்க உண்மையான பெயர்ப் பட்டியலையே போட்டிருந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பெயர், பள்ளி, தாயாரின் கைப்பேசி எண். களஞ்சியமோ பொதுப் பார்வைக்குத் திறந்திருந்தது. பிறகு உணர்ந்து நீக்கினார்கள். தெம்பனிஸ் வட்டார நூலகத்தில் உட்கார்ந்து, “ஒருமுறை சரிபார்த்துச் சொல்” என்று கேட்டார்கள். பட்டியலைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு சொடுக்குகள் போதுமாக இருந்தன. ‘மாணவர் பட்டியல் நீக்கம்’ என்று அவர்கள் எழுதிய கமிட் குறிப்பே எனக்கு வழிகாட்டியது!

சாவி கசிந்தால் தீர்வு உண்டு. முதல் வேலையாக அதை ரத்து செய்து புதியது வாங்க வேண்டும். வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். கிட்ஹப்பின் வழிகாட்டியும் இதையே சொல்கிறது. ஆனால் ஒரு தாயாரின் கைப்பேசி எண்ணை யார் ரத்து செய்வது? மோசடி அழைப்புகள் மலிந்த இந்தக் காலத்தில், “உங்கள் மகன் படிக்கும் பள்ளியிலிருந்து பேசுகிறோம்” என்று தொடங்க ஒருவருக்கு அந்தப் பட்டியலின் ஒரு வரி போதாதா?

நண்பர்கள் ‘ஃபில்டர்-ரெப்போ’ கருவியைக் கொண்டு வரலாற்றையே திருத்தி எழுதினார்கள். எளிய வேலை அல்ல. அந்தக் கோப்பு நுழைந்த இடத்திலிருந்து எல்லாக் கமிட்டுகளின் அடையாளமும் மாறிவிடும். அனைவரும் பழைய நகலை வீசிவிட்டுப் புதிதாக இறக்க வேண்டும். ஒருவர் பழைய நகலிலிருந்து மீண்டும் ஏற்றினாலும் கோப்பு உயிர்த்தெழும். ஏற்கெனவே வெளியாட்கள் எடுத்த நகல்களை ஒன்றும் செய்ய முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு துணைப்பாட ஏற்பாட்டாளரிடம் சொல்வதா வேண்டாமா என்றுதான் நெடுநேரம் வாக்குவாதம். “யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்” என்றார் ஒருவர். அது எப்படித் தெரியும்? களஞ்சியத்தை எத்தனை முறை நகலெடுத்தார்கள் என்ற கணக்கை கிட்ஹப் கடைசி 14 நாளுக்கு மட்டுமே காட்டும். யார் என்று காட்டாது. கடைசியில் சொன்னார்கள், ஏற்பாட்டாளர் பெற்றோரிடம் தெரிவித்தார். அதுதான் சரி என்பது என் கருத்து.

களஞ்சியத்தைத் தனிப்பட்டதாக வைத்தால் போதும் என்பார்கள். ஊபர் பொறியாளர்களின் களஞ்சியமும் தனிப்பட்டதுதான். 2016ல் ஊடுருவிகள் அதற்குள் புகுந்து கிடைத்த சாவியைக் கொண்டு உலகெங்கும் 57 மில்லியன் பேரின் தகவலை எடுத்தார்கள். அவர்களில் 380,000 பேர் சிங்கப்பூரில் உள்ளவர்கள். தரவை அழித்துவிடும்படி ஊபர் ஊடுருவிகளுக்கு 100,000 அமெரிக்க டாலர் கொடுத்தது. ஓராண்டுக்கும் மேல் விஷயத்தை வெளியே சொல்லவில்லை. இன்னொரு சமாதானம், 2024 முதல் பொதுக் களஞ்சியங்களில் சாவிகள் ஏறாமல் கிட்ஹப்பே தடுக்கிறதே என்பது. உண்மைதான். சாவிக்கென்று ஒரு வடிவம் உண்டு, அதை இயந்திரம் அடையாளம் காணும். ஒரு பிள்ளையின் பெயரை எந்த வடிவத்தைக் கொண்டு அடையாளம் காணும்?

கிட்டில் எப்படிச் சேர்ப்பது என்று எனக்கு முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுத்தார்கள். எப்படி நீக்குவது என்பதை நானாகத்தான் தேடிப் படித்தேன். ஹேக்கத்தான்களில் வடிவமைப்புக்கு மதிப்பெண் உண்டு, பேச்சுக்கு உண்டு. நடுவர்கள் களஞ்சியத்தின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாமே. அதோடு, கசிவைத் தாமாக முன்வந்து சொல்லும் குழுவுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கக்கூடாது. குறைத்தால் அடுத்த குழு சத்தமில்லாமல் ‘ஆர்எம்’ அடித்துவிட்டுப் போகும்.

சோதனைக்கு ஒரு பட்டியல்தான் வேண்டுமென்றால் ‘மாணவர் 1, மாணவர் 2’ என்று நாமே எழுதிக்கொள்ளலாம். முப்பது வரிக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.