இலவசச் சாம்பலுக்குக் கணக்கு எங்கே?

காம்டிக்கு அப்பால் பள்ளத்தில் மனை வாங்கிப் போட்டிருக்கும் நம் குடும்பங்களுக்கு இந்தக் கோடையில் ஒரு சேதி வந்திருக்கிறது. மனையை மேடாக்க மண்ணும் வேண்டாம், காசும் வேண்டாம். அனல்மின் நிலையத்துச் சாம்பலைத் தாமே கொண்டுவந்து கொட்டி நிரவிக் கொடுக்கிறோம் என்று லாரி காண்ட்ராக்டர் ஒருவரின் ஆட்கள் வீடு வீடாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள். சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதுமாம். சிலர் போட்டும் விட்டார்கள். மற்றவர்கள், சங்கம் என்ன சொல்கிறது என்று கேட்டு வருகிறார்கள். சங்கம் சொல்வது இதுதான்: கையெழுத்துப் போடாதீர்கள். போட்டவர்கள் அதை ரத்து செய்து கடிதம் கொடுங்கள்.

இப்படிச் சொல்வது சுலபம், மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் குடியிருப்பவனுக்கு என்ன பதில் என்று சில தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிராவிடண்ட் பண்டில் கடன் எடுத்து, வீட்டுக்காரியின் நகையை அடகு வைத்து வாங்கிய மனை அது. ஒரு மனையை நிரப்ப எத்தனை லாரி மண் வேண்டும், ஒரு லாரிக்கு என்ன விலை என்று அவரவருக்கே தெரியும். ஆகையால் ஆசைப்பட்டவர்களை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் இலவசம் என்று வருகிற பொருளுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை நமக்கு யாரும் காட்டுவதில்லை.

முதலில் இந்தச் சாம்பல் எவ்வளவு என்று பார்ப்போம். சரக்கு ஆபீசில் உட்கார்ந்து ரேக் கணக்கு எழுதுகிறவனுக்கு இது எளிதில் விளங்கும். 58 அல்லது 59 திறந்த வாகன்கள் கொண்ட ஒரு ரேக்கில் ஏறக்குறைய 4,000 டன் நிலக்கரி வருகிறது. ஆயிரம் மெகாவாட் திறனுள்ள நிலையம் முழு மூச்சில் ஓடினால் ஒரு நாளைக்கு 15,000 டன் நிலக்கரி வேண்டும். அதாவது நாலு ரேக். நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு எரியாத சாம்பல். நாலு ரேக் உள்ளே போனால், ஒரு ரேக்குக்கும் அதிகமான சாம்பல் அன்றைக்கே வெளியே வந்தாக வேண்டும். கோராடியில் 660 மெகாவாட் யூனிட்டுகள் மாத்திரம் மூன்று. பக்கத்திலேயே காப்பர்கேடா நிலையம். கோராடியில் இன்னும் இரண்டு 660 மெகாவாட் யூனிட்டுகள் கட்டும் திட்டத்துக்கு 2023 மே 29-ல் மக்கள் கருத்துக் கேட்பும் நடந்தது. இத்தனை சாம்பலும் எங்கே போகும்? வானத்துக்குப் போகாது. யாருடைய நிலத்துக்காவது போகும்.

சாம்பல் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். புகைபோக்கிக்கு முன்னால் மின்சாரக் கருவியில் பிடிக்கப்படும் நைஸான உலர் சாம்பல் ஒன்று. மொத்தத்தில் ஐந்தில் நாலு பங்கு இது. இதற்கு நல்ல கிராக்கி. நீங்கள் வாங்குகிற சிமெண்ட் மூட்டையில் பி.பி.சி. என்று போட்டிருந்தால் அதில் நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு வரை இந்தச் சாம்பல் கலந்திருக்கிறது. 2020-ல் உத்தரப் பிரதேசத்து ரிஹந்த் நிலையத்திலிருந்து 59 திறந்த வாகன்களில் 3,834 டன் சாம்பல் டிக்காரியா சிமெண்ட் ஆலைக்கு ரயிலில் போயிற்று. காசுக்குப் போகிற சரக்குக்கு ரேக் கிடைக்கிறது, ரசீதும் கிடைக்கிறது.

கொதிகலனின் அடியில் விழும் தடித்த சாம்பலும், உலர்வாக எடுக்காமல் விட்டதும், தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்பப்படுகின்றன. வருஷக்கணக்கில் தேங்கிக் கிடக்கும் அந்த ஈரச் சாம்பலை சிமெண்ட் கம்பெனிக்காரன் தேடி வருவதில்லை. அதைத்தான் டிப்பரில் அள்ளி நம் மனைக்குக் கொண்டுவருகிறேன் என்கிறார்கள்.

சரி, எதற்காக இந்தத் தாராளம்? சட்டத்தைப் பார்த்தால் புரியும். 1999 செப்டம்பரில் மத்திய அரசு முதன்முதலாக சாம்பலைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று அறிவிக்கை வெளியிட்டது. 2003, 2009, 2016 என்று அதைத் திருத்திக்கொண்டே வந்தது. கெடு வைப்பதும், கெடு தப்புவதும், புதுக் கெடு வைப்பதுமாக இருபது வருஷம் ஓடியது. கடைசியில் 2021 டிசம்பர் 31-ல் வந்த அறிவிக்கை கொஞ்சம் பல்லோடு வந்தது. மூன்று வருஷச் சுற்றுக்குள் உண்டான சாம்பல் முழுவதையும் பயன்படுத்த வேண்டும். குளங்களில் ஏற்கெனவே கிடக்கும் பழைய சாம்பலைப் பத்து வருஷத்துக்குள் தீர்க்க வேண்டும். தவறினால் பயன்படாத ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும். மாசு செய்தவனே காசு கட்டட்டும் என்ற இந்தக் கொள்கையை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் பயன்பாடு என்றால் என்ன? சிமெண்டில் கலப்பது பயன்பாடு. செங்கல் அறுப்பது பயன்பாடு. சாலைக் கரை போடுவது பயன்பாடு. பள்ளமான நிலத்தில் கொட்டி மூடுவதும் அதே பட்டியலில் பயன்பாடுதான்! 20 டன் ஏற்றிய ஒரு டிப்பர் உங்கள் மனையில் கவிழ்ந்தால், குறித்த அளவை எட்டாமல் தவிக்கும் நிலையத்துக்கு 20,000 ரூபாய் இழப்பீடு மிச்சமாகிறது. ஐம்பது லாரி கொட்டினால் பத்து லட்சம். அந்த மிச்சத்தில் நமக்குப் பங்கு உண்டா? கிடையாது. சம்மதம் என்ற தாளில் கையெழுத்து மாத்திரம் நம்முடையது. நாளைக்குக் கிணற்றுத் தண்ணீர் கெட்டதென்று போய் நின்றால், நீதானே கேட்டு வாங்கினாய் என்று அதே தாளை நம் முகத்தில் நீட்டுவார்கள்.

நாட்டுக் கணக்கைப் பார்த்தால் பிரமாதமாக இருக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் அறிக்கைப்படி 1996-97-ல் 6.9 கோடி டன் சாம்பலில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூடப் பயன்படவில்லை. 2021-22-ல் உண்டானது 27 கோடி டன். பயன்பட்டது நூற்றுக்கு 96 பங்கு. இதில் உண்மையான முன்னேற்றம் நிறைய இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. சிமெண்ட் ஆலைகள் மட்டுமே கோடிக்கணக்கான டன்னை வாங்குகின்றன. ஆனாலும் அந்த 96 பங்குக்குள்ளேதான் பள்ளத்தில் கொட்டியதும் இருக்கிறது, சுரங்கக் குழியில் தள்ளியதும் இருக்கிறது. குளத்தின் கரையை உயர்த்தப் போட்ட சாம்பல்கூட பயன்பட்டதாகவே எழுதப்படுகிறது. சமையல்காரி மிஞ்சிய சோற்றைப் பக்கத்து வீட்டுக் கொல்லையில் கொட்டிவிட்டு, பானை காலி என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நம் வாதம் முழுவதும் ஒரே ஒரு வேறுபாட்டில் நிற்கிறது. சிமெண்டிலும் கல்லிலும் போன சாம்பல் கட்டுப்பட்ட சாம்பல். அது இறுகிவிட்டது, எளிதில் காற்றில் பறக்காது, எளிதில் தண்ணீரில் கரைந்து போகாது. நிலத்தில் கொட்டியது கட்டுப்படாத சாம்பல். அதில் ஆர்சனிக், ஈயம், பாதரசம், குரோமியம், செலினியம் போன்றவை சிறு அளவில் உண்டு. ஒரு கைப்பிடிச் சாம்பலில் அது ஒன்றுமில்லைதான். ஆயிரம் லாரிச் சாம்பலில், மழைக்கு மழை ஊறி, பத்தடி கீழே கைப்பம்புத் தண்ணீருக்கு இறங்கும்போது ஒன்றுமில்லை என்று யார் சொல்ல முடியும்? நம் நாட்டு விதிகளில் இந்தச் சாம்பல் அபாயக் கழிவுப் பட்டியலில் இல்லை. அளவு அதிகம், பாதிப்புக் குறைவு என்று சொல்லி ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பாதிப்புக் குறைவு என்று எழுதியவர் அளவு அதிகம் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிட்டார், பாருங்கள்!

அமெரிக்காவில் 2008 டிசம்பரில் டென்னஸி மாநிலத்துக் கிங்ஸ்டன் என்ற ஊரில் சாம்பல் குளம் உடைந்து ஆறும் வீடுகளும் சேற்றில் மூழ்கின. அதற்குப் பிறகு 2015-ல் அங்கே வகுத்த விதியில் இதே வேறுபாட்டைத்தான் வைத்தார்கள். கட்டுப்படாத சாம்பலை 12,400 டன்னுக்கு மேல் நிலத்தில் போடுகிறவன், அதனால் தண்ணீருக்கும் காற்றுக்கும் கேடு கூடாது என்று காட்ட வேண்டும் என்றார்கள். அந்த விதியிலும் ஓட்டைகள் உண்டு. நிரூபிக்கும் பாரத்தைப் போடுகிறவன் தலையில் வைத்தார்கள் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

இவ்வளவு தூரம் போவானேன்? 2022 ஜூலை 16-ல், அடைமழையில், கோராடி நிலையத்தின் கசாலா சாம்பல் குளத்துக் கரை உடைந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். சாம்பல் நீர் வயல்களில் பாய்ந்து, ஓடையில் இறங்கி, கன்ஹான் ஆற்றுக்குப் போயிற்று. நாக்பூர் நகரத்தில் பலர் குடிப்பது அந்த ஆற்றுத் தண்ணீர். மத்தியப் பிரதேசத்து சிங்ரௌலியில் 2020 ஏப்ரல் 10-ல் சாசன் நிலையத்தின் குளம் உடைந்தபோது ஆறு உயிர்கள் போயின. அதில் குழந்தைகளும் இருந்தார்கள். வடசென்னைப் பக்கத்திலிருந்து வந்த நம் அன்பர்களுக்கு எண்ணூர்க் கழிமுகமும், சாம்பல் குளத்தை ஒட்டிக் கிடக்கும் செப்பாக்கம் கிராமமும் தெரியும். கொசஸ்தலை ஆற்றில் மீன் பிடித்தவர்கள் படும் பாட்டை ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்டு வருகிறார்கள். பெரிய குளத்தையே காவல் காக்க முடியாதவர்கள், நூறு சின்னப் பள்ளங்களில் பிரித்துக் கொட்டியதை யார் வைத்துக் காவல் காப்பார்கள்?

வீடு கட்டுகிறவர்களுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. சாலைக்காரர்கள் சாம்பலைப் போடும்போது அடுக்கடுக்காகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி அழுத்தி, மேலேயும் பக்கத்திலும் மண் போர்த்துகிறார்கள். டிப்பரிலிருந்து கவிழ்த்து மண்வெட்டியால் நிரவிய சாம்பல் அப்படியல்ல. தண்ணீர் ஊறினால் இறங்கும். அதன்மேல் எழுப்பிய சுவர் வெடிக்கும். மேலே மண் போர்த்தவில்லையென்றால் கோடையில் பறந்து குழந்தைகள் மூச்சில் போகும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, சங்கம் சாம்பலுக்கே விரோதி என்று யாரும் எண்ண வேண்டாம். நம் தாய்மார்கள் பலர் ஃபிளை ஆஷ் கல் யூனிட்டுகளில் கூலி வேலை செய்கிறார்கள். அந்தக் கல் வேண்டும். வயல் மேல்மண்ணை வெட்டிச் சூளை போடுவதைவிட அது எவ்வளவோ மேல். அந்த யூனிட்டுகளுக்கு நிலையங்கள் உலர் சாம்பலைத் தவறாமல் கொடுக்க வேண்டும், பெரிய கம்பெனிக்குக் கொடுத்து மிச்சம் இருந்தால்தான் சின்ன யூனிட்டுக்கு என்று சொல்லக் கூடாது. அதே மூச்சில் இன்னொன்றும் கேட்கிறோம்: மூட்டை பிரிக்கும் பெண்ணுக்கு முந்தானையே முகமூடி என்ற நிலை மாற வேண்டும். சாம்பலைத் தூவும் இடத்தில் தண்ணீர் தெளிப்பும், நல்ல முகமூடியும், வருஷத்துக்கு ஒரு முறை மார்புப் பரிசோதனையும் யூனிட் உரிமையாளரின் பொறுப்பு. கூலியில் பிடித்துக்கொண்டு கொடுக்கிற முகமூடி நமக்கு வேண்டாம்.

பள்ளத்தை நிரப்புவதற்கு வருவோம். 2021 அறிவிக்கையிலேயே ஒரு கைப்பிடி இருக்கிறது. தாழ்ந்த நிலத்தைச் சாம்பலால் நிரப்ப மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். எந்த இடம், எவ்வளவு பரப்பு, எவ்வளவு டன் என்ற விவரத்தை வாரியம் வருஷந்தோறும் வெளியிட வேண்டும். ஆகவே காண்ட்ராக்டரின் ஆள் வந்தால் சண்டை போட வேண்டியதில்லை. எங்கள் சர்வே எண் போட்ட வாரிய அனுமதியைக் காட்டுங்கள் என்று ஒரே வார்த்தை கேளுங்கள். இதுவரை கேட்ட இரண்டு வீடுகளிலும் அப்புறம் கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் போனவர் திரும்பி வரவில்லை.

இந்த விதி போதாது என்பது நம் கட்சி. குடியிருப்பு மனையிலும், கிணற்றுக்கும் ஓடைக்கும் பக்கத்திலும் கட்டுப்படாத சாம்பல் கூடவே கூடாது. மற்ற இடங்களில் நிரப்புமுன் நிலத்தடி நீரைச் சோதித்து, நிரப்பிய பின் பல வருஷம் சோதித்து, முடிவைக் கிராம சபையில் மராத்தியிலும் இந்தியிலும் படித்துக் காட்ட வேண்டும். அப்படிச் செய்யாத இடத்தில் கொட்டிய டன்னைப் பயன்பாட்டுக் கணக்கில் ஏற்றக் கூடாது, அதற்கு ஆயிரம் ரூபாய் வசூலிக்க வேண்டும். தண்ணீர் கெட்டால் பொறுப்பு சாம்பலை உண்டாக்கியவனுக்கே; சம்மதத் தாள் எதுவும் அதைத் தட்டிக் கழிக்க உதவாது என்று அறிவிக்கையில் எழுத வேண்டும். மேடாக்க வேண்டிய ஏழை மனைகளுக்கு, மிச்சமாகும் பணத்திலிருந்து, மண் அடித்துக் கொடுக்கட்டும். வடிகால் வெட்டிக் கொடுக்கட்டும். பள்ளத்தில் குடியிருப்பது நம் குற்றமல்லவே. மேட்டு நிலம் நமக்கு எட்டாத விலையில் இருக்கிறது.

இந்தக் கோரிக்கைகளோடு வாரியத்தின் நாக்பூர் அலுவலகத்துக்கும் கலெக்டருக்கும் விண்ணப்பம் தயாராகிறது. அதே விண்ணப்பத்தில், நம் தாலுகாவில் எந்தெந்த சர்வே எண்ணுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்று தகவல் அறியும் சட்டப்படி கேட்டிருக்கிறோம். வரும் இரண்டு ஞாயிறும் காலை பத்து மணி முதல் சங்க அலுவலகத்தில் கையெழுத்து வாங்கப்படும். மராத்தியில் எழுதித் தரவும் ஆள் இருக்கிறார். மனைப் பத்திரத்தில் சர்வே எண் உள்ள பக்கத்தின் நகலைக் கொண்டுவாருங்கள். காண்ட்ராக்டர் தாளில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் தயங்காமல் வாருங்கள், ரத்துக் கடிதம் அங்கேயே எழுதித் தபாலில் அனுப்பிவிடலாம். மனையில் சாம்பல் இறங்கிவிட்ட குடும்பங்கள், பக்கத்துக் கைப்பம்புத் தண்ணீரை ஒரு லிட்டர் சுத்தமான பாட்டிலில் பிடித்து, தேதியும் இடமும் ஒட்டி எடுத்து வரவும். சோதனைச் செலவு சங்கத்தினுடையது.